வாவிக்கரையில் வணிகக் கல்வி: ஒரு விமர்சன நோக்கு

ஒரு கல்வித்துறை எதனைக் கற்பிக்கின்றது என்று கேட்பது எளிது. எதனைக் கற்பிக்காது விடுகின்றது, அவ்வாறு விடுவதால் யாருக்கு நட்டம் நேர்கின்றது என்று கேட்பது அத்துணை எளிதன்று. முதற் கேள்விக்கான விடையைப் பாடத்திட்டத்தை வரிவரியாக வாசித்தே அறிந்துகொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதாயின் பாடத்திட்டத்தையும் அது போதிக்கப்படும் மண்ணையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். சந்தைப்படுத்தல், நிதி முகாமைத்துவம் ஆகிய இரு துறைகளையும் மட்டக்களப்பு வாவியை அண்டிய பிரதேசத்தில் வைத்து அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டிதழில் வணிகக் கல்விக்கு என்ன வேலை என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆனால் தமிழிலக்கிய மரபு வணிகத்தை ஒருபோதும் தனக்குப் புறம்பானதாகக் கருதியதில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலைச் சேர்ந்தவை. 'பொருள் செயல்வகை' என்றே ஓர் அதிகாரமும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடவந்த பட்டினப்பாலை, அவர்தம் செல்வத்தோடு நின்றுவிடாது, கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாத அவர்தம் நடுவுநிலைமையையும் சேர்த்தே பாடுகின்றது. செல்வத்தையும் சொல்லின் கருத்தையும் 'பொருள்' என்ற ஒரே சொல்லால் குறித்த மொழி தமிழ். ஆகவே வணிகக் கல்வி எந்தச் சொற்களால் சிந்திக்கின்றது என்று ஆராய்வது தமிழ் மாணவரின் எல்லைக்கு உட்பட்ட பணியே எனலாம்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் வந்தாறுமூலை அமைந்துள்ளது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி அங்கிருந்த மகாவித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதில் இருந்தவை விஞ்ஞான பீடமும் விவசாய பீடமுமே. 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வர்த்தக முகாமைத்துவ பீடம் அதன் பின்னர் 1988இல் உருவாயிற்று. இவ்வரிசை மனங்கொள்ளத்தக்கது. விளைவிப்பதைப் பற்றிய கல்வி முன்னர் வந்தது. விற்பதையும் முதலிடுவதையும் பற்றிய கல்வி பின்னர் வந்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததன் பின்னர் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பெருகியமையும், அவற்றுக்குப் பயிற்றப்பட்ட ஆளணி தேவைப்பட்டமையும் இப்பின்வரவின் பின்னணியாகும். இக்கல்விக்கான தேவை நெற்களத்தினின்றும் மீன்துறையினின்றும் எழவில்லை. பெருநகரத்து அலுவலகங்களிலிருந்தே எழுந்தது. பாடத்திட்டத்தின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு இது ஒரு திறவுகோலாகும்.

இலங்கையின் எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டாலும் சந்தைப்படுத்தல், நிதி ஆகிய துறைகளின் அடிப்படைப் பாடங்கள் பெரிதும் ஒத்தவையே. பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்னும் நான்கினையும் சந்தைப்படுத்தற் கலவையாக வகுத்தவர் ஜெரோம் மக்கார்த்தி; ஆண்டு 1960. பிலிப் கொட்லரின் 'சந்தைப்படுத்தல் முகாமைத்துவம்' 1967இல் வெளிவந்தது. நிதித்துறையில் ஹரி மார்க்கோவிற்ஸின் முதலீட்டுத் தொகுதிக் கோட்பாடு 1952ஆம் ஆண்டினது. மூலதன அமைப்புப் பற்றிய மொடிக்கிலியானி, மில்லர் ஆகியோரின் தேற்றம் 1958ஆம் ஆண்டினது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் பெருகிய அமெரிக்கக் கம்பனிகளின் பிரச்சினைகளுக்கு விடையாகத் தோன்றிய சிந்தனைகள் இவை. அங்கு பிறந்தன என்பதனாலேயே அவற்றைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது. பௌதிகவியல் எங்கு பிறந்தது என்று கேட்டா அதனைக் கற்கின்றோம்? ஆயினும் வணிகவியல் பௌதிகவியல் போன்றதன்று. அது மனித உறவுகளைப் பற்றியது. மனித உறவுகள் இடத்துக்கிடம் வேறுபடுவன.

முதலில் சந்தைப்படுத்தலை எடுத்துக்கொள்வோம். இச்சொல்லை வாவிக்கரை விவசாயி பல்கலைக்கழகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நெல் சந்தைப்படுத்தல் சபை அமைக்கப்பட்டபோது அச்சொல் அவரது வட்டைக்கு வந்துவிட்டது. அங்கு 'சந்தைப்படுத்தல்' என்பதன் கருத்து, அறுவடைக் காலத்தில் விலை சரியும்போது அரசு ஒரு விலையைக் கூறி நெல்லைக் கொள்வனவு செய்தல் என்பதாகும். விளைவித்தவரைச் சந்தையின் வீழ்ச்சியிலிருந்து காப்பதே அதன் உட்கிடை. விரிவுரை மண்டபத்திலோ அதே சொல் வேறொரு கருத்தைக் குறிக்கின்றது. நுகர்வோரை வயது, வருமானம், வாழ்க்கைமுறை என்பவற்றால் பிரித்து, இலக்குக் குழுவைத் தெரிந்து, அதன் மனத்தில் ஒரு பண்டக்குறிக்கு இடம்பிடித்துக் கொடுக்கும் கலை அது. ஒரு சொல், இரு கருத்துக்கள். ஒன்று விளைவித்தவர் பக்கம் நின்று பேசுகின்றது. மற்றையது விற்கும் கம்பனியின் பக்கம் நின்று பேசுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பாடத்தில் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதே விமர்சனத்துக்குரியது.

'இடம்' என்னும் கூறினை நோக்குவோம். பாடநூலில் அது விநியோக வழிகளைக் குறிக்கும்: உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, நுகர்வோர். வாவிப் பிரதேசத்தில் 'இடம்' என்பதற்கு முதற்கண் பொருள் நீராகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவி நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. நெல் பெரும்பாலும் படுவான்கரையில் விளைகின்றது; நகரமும் பிரதான வீதியும் பெருஞ்சந்தைகளும் எழுவான்கரையில் உள்ளன. 'பாதை' என்று மக்கள் வழங்கும் மிதவையில் ஏறித் துறை கடப்பது பல கிராமங்களின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான துறை அவற்றுள் ஒன்று. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தை எழுவான்கரையோடு இணைக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அங்கும் பாதையே கதியாயிருந்தது. நெல்லை ஏற்றிவந்த வண்டி துறையில் காத்து நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் விளைவித்தவரின் பேரம் பேசும் வலிமையைக் குறைக்கின்றது. ஒரு பாலம் விநியோக வழியை மட்டுமன்றி விலையையும் மாற்றவல்லது. மாணவர் பல்தேசியக் கம்பனியொன்றின் விநியோக வலையமைப்பைப் படமாக வரைந்து புள்ளிகள் பெறுகின்றார். தாம் நாள்தோறும் கடந்துவரும் துறையே ஒரு சந்தைப்படுத்தற் பாடம் என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை.

'விலை' பற்றிய பாடமும் இத்தகையதே. உற்பத்திச் செலவோடு இலாபத்தைக் கூட்டுதல், போட்டியாளரின் விலையை ஒத்து வைத்தல், நுகர்வோர் உணரும் பெறுமதிக்கேற்ப வைத்தல் என விலையிடும் முறைகள் பல கற்பிக்கப்படுகின்றன. வாவியிலே இறாலும் நண்டும் பிடிப்பவரின் விலை இவற்றுள் எதனாலும் தீர்மானிக்கப்படாதிருக்கலாம். வலைக்கும் தோணிக்கும் வியாபாரியிடம் அவர் முற்பணம் பெற்றிருப்பாராயின், பிடித்ததை அவ்வியாபாரிக்கே அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டியவராகின்றார். அங்கு விலை என்பது கடனின் மறுபெயர். பண்டத்தின் விலையிலேயே வட்டி மறைந்துவிடுகின்றது. சந்தைப்படுத்தற் பாடம் விலையைப் பேசும். நிதிப் பாடம் கடனைப் பேசும். இரண்டும் வெவ்வேறு பாடங்கள், வெவ்வேறு வினாத்தாள்கள். மீனவர் வாழ்க்கையிலோ அவை ஒன்றேயாகும். துறைகளைப் பிரித்துக் கற்பிப்பதன் வசதி, அவை ஒன்றுசேர்ந்து ஒருவரை எவ்வாறு கட்டிப்போடுகின்றன என்பதைக் காணமுடியாமற் செய்துவிடுகின்றது.

சந்தைப்படுத்தலின் சொற்களுள் ஒன்றையேனும் மொழி நோக்கில் ஆராய்தல் பயனுடையது. பண்டங்களை வாங்குபவரை 'வாடிக்கையாளர்' என்கின்றோம். 'வாடிக்கை' என்பது வழக்கம். ஒருவர் ஒருமுறை வந்து ஒரு பொருளை வாங்கிச் செல்வதனால் மட்டும் வாடிக்கையாளர் ஆகிவிடுவதில்லை. அவர் திரும்பத் திரும்ப வருதல் வேண்டும். கடைக்காரர் அவரை அறிந்திருத்தல் வேண்டும். கையில் காசில்லாத நாளிலும் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமானைக் கொடுத்தல் வேண்டும். சட்டியில் உறையவைத்து வீதியோரத்தில் விற்கப்படும் மட்டக்களப்பு எருமைத்தயிருக்குப் பண்டக்குறி ஒட்டப்படாமலே பெயர் ஏற்பட்டமைக்கு இவ்வாடிக்கையும் ஒரு காரணமாகும். அமெரிக்காவில் விற்பனையாளரின் குறுகிய பார்வையைக் கண்டித்து தியோடர் லெவிற் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1960இல் வெளிவந்தது. வாடிக்கையாளருடன் நீடித்த உறவைப் பேணுதலை 'உறவுச் சந்தைப்படுத்தல்' என்ற பெயரால் லியோனார்ட் பெரி முன்வைத்தது 1983இல். தமிழ்ச் சொல் தன்னுள் வைத்திருந்த கருத்தை ஆங்கில நூல் புதிய கோட்பாடாகத் திருப்பித் தந்தபோது, அதனைப் புதிதென்றே மாணவர் மனனஞ் செய்கின்றார். 'எல்லாம் எம்மிடம் முன்னரே இருந்தன' என்ற பழம்பெருமைக்காக இங்கு இது கூறப்படவில்லை. தம்மிடம் உள்ளதை அறியாத மாணவர் வந்ததை மதிப்பிடவும் இயலாதவராவார் என்பதே கருத்து.

இனி நிதித்துறைக்கு வருவோம். இத்துறையின் மையக் கருத்து இடர். எதிர்பார்க்கும் வருவாயினின்றும் உண்மை வருவாய் எவ்வளவு விலகக்கூடும் என்பதை நியம விலகலாகக் கணித்து இடரை அளப்பர். பங்குகளின் கடந்தகால விலைகள் அதற்கு ஆதாரமாகும். 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை, 2011 ஜனவரி மாதப் பெருவெள்ளம் ஆகியவற்றைக் கடந்துவந்த ஒரு பிரதேசத்தில் இடர் என்பதற்கு வேறோர் அகராதி இருக்கின்றது. ஒரு குடும்பம் தன் செல்வத்தை நிலம், மாடு, தங்கம், மகளுக்கென்று கட்டும் வீடு எனப் பிரித்துவைப்பது முதலீட்டுத் தொகுதிக் கோட்பாட்டைக் கற்றறிந்து செய்ததன்று. எதனை வெள்ளம் கொண்டுபோகும், எதனைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எதனை விட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும் என்ற அனுபவத்தின் பகுப்பு அது.

அனைத்துக்கும் மேலாக, இடரற்ற வருவாய் வீதம் என்றொரு கருத்து நிதிப் பாடத்தின் அத்திவாரமாக உள்ளது. அரசின் திறைசேரி உண்டியலுக்குக் கிடைக்கும் வட்டியை இடரற்றதெனக் கொண்டு, ஏனைய முதலீடுகள் யாவும் அதற்கு மேல் வைத்து அளக்கப்படுகின்றன. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு உழைப்பாளரின் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளையும் தொட்டது. இடரற்றது எனப்பட்டதன் நிலை இதுவாயின், அதன்மேற் கட்டப்பட்ட சூத்திரத்தை எவ்வாறு கற்பிப்பது? சூத்திரம் பிழையென்று தள்ளிவிடவேண்டியதில்லை. அதன் முதல் எடுகோளே கேள்விக்குரியதாகும் நாடொன்றில் அதனைக் கற்பிக்கின்றோம் என்ற பிரக்ஞை வேண்டும். மாணவர் சூத்திரத்தைக் கற்பதற்கு முன்னர் எடுகோளைக் கேள்வி கேட்கக் கற்பாராயின் 2022ஆம் ஆண்டே அவருக்குச் சிறந்த பாடநூலாகும்.

நிதிப் பாடம் 'முறைசாரா நிதி' என்று ஓரிரு வரிகளில் கடந்துசெல்லும் ஒன்று சீட்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகையைப் போட, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வர். குலுக்கிக் கொடுப்பதும் உண்டு. கழிவு கூறி ஏலத்தில் எடுப்பதும் உண்டு. இது கண்காணிப்பற்ற நாட்டுப்புற வழக்கமன்று. 1935ஆம் ஆண்டிலேயே இலங்கைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்த முன்வந்தது. தமிழ்ச் சொல்லான 'சீட்டு' அக்கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இடம்பெற்றது. ஏலச்சீட்டில் முதல் மாதம் எடுப்பவர் கடனாளி. கடைசி மாதம் எடுப்பவர் சேமிப்பாளர். இடையில் எடுப்பவர் இரண்டுமாவர். அவரவர் கொடுக்கும் அல்லது பெறும் வட்டியைக் கணிப்பது நிதி முகாமைத்துவ மாணவருக்கு அருமையான பயிற்சியாக அமையும். காசின் காலப் பெறுமதி என்ற கருத்தைப் பங்குச் சந்தையைக் காட்டி விளக்குவதைவிட அம்மாவின் சீட்டைக் காட்டி விளக்குவது எளிது.

சீட்டின் இடத்தைப் பிடிக்க வந்தது நுண்நிதி. அதன் தோற்றக் கதையும் ஒரு பல்கலைக்கழக வளாகத்திலேயே தொடங்குகின்றது. சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் போதித்த முகம்மது யூனுஸ் 1976இல் வளாகத்துக்கு அயலிலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குச் சென்று வறியவர்க்குச் சிறுதொகைகளைக் கடனாக வழங்கத் தொடங்கினார். 1983இல் கிராமீன் வங்கி உருவாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வகுப்பறையினின்றும் வெளியேறி அயற்கிராமத்தைக் கண்ட ஆசிரியர் என்ற வகையில் அவரது முயற்சி போற்றத்தக்கது. ஆனால் அம்முறை இலாபம் தேடும் கம்பனிகளின் கைக்குச் சென்றபோது அதன் தன்மை மாறிற்று. 2010 ஒக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு நுண்நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் பிறப்பிக்கும் நிலை ஏற்பட்டது. இலங்கையில் 2016இல் நுண்நிதிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனைப் பெற்றுச் செலுத்த இயலாதிருந்த பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவித்தது. அப்பன்னிரண்டு மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. அவ்வாண்டிலேயே நுண்நிதிக் கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. உச்சவரம்பே 35 எனில் அதற்கு முன்னர் வாங்கப்பட்ட வட்டி எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

சீட்டும் நுண்நிதிக் குழுவும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை. இரண்டிலும் பெண்கள் குழுவாகச் சேர்கின்றனர். இரண்டிலும் ஒருவரையொருவர் அறிந்திருத்தலே பிணை. வேறுபாடு எங்குள்ளது? ஏலச்சீட்டில் ஒருவர் கொடுக்கும் கழிவு மற்றொருவரின் வருவாயாகக் குழுவுக்குள்ளேயே தங்குகின்றது. நுண்நிதிக் கடனில் வட்டி ஊரைவிட்டு வெளியேறுகின்றது. குழுவுக்கு எஞ்சுவது ஒருவருக்காக மற்றவர் பிணை நிற்கும் பாரம் மட்டுமே. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெரிதும் பெண் வழியாகவே இறங்குவன. மணமான பின் கணவன் மனைவி வீட்டுக்கு வருவதே வழக்கம். இத்தகைய சமூகத்தில் பெண்ணைக் கடனாளியாக்குதல் என்பது குடும்பத்தின் நிலையான சொத்துரிமை தங்கியிருக்கும் கையையே கடனாளியாக்குதலாகும். தாய்வழிச் சொத்துரிமை சமூகவியலாளர் எழுதும் நூல்களில் மட்டும் இருக்கவேண்டிய விடயமன்று. கடன் இடரைக் கற்பிக்கும் நிதிப் பாடத்திலும் இடம்பெற வேண்டியதாகும்.

இங்கு ஓர் எளிய கணக்கைச் செய்துபார்த்தல் தகும். ஒருவர் 40,000 ரூபாவை ஓராண்டுக்கு 24 சதவீத வட்டியில் கடனாகப் பெற்று, 52 வாரத் தவணைகளில் செலுத்துவதாகக் கொள்வோம். வட்டியை முதற்றொகை முழுவதன் மீதும் கணக்கிட்டால் 9,600 ரூபா. மொத்தம் 49,600 ரூபா. வாரத் தவணை ஏறத்தாழ 954 ரூபா. கடன் வாரந்தோறும் குறைந்துகொண்டே செல்கின்றது. வட்டியோ குறையாத தொகைக்கே அறவிடப்படுகின்றது. குறைந்து செல்லும் மீதியின்மேல் கணக்கிட்டால் உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதமாகும். 24 என்று சொல்லப்பட்டது 44 ஆகின்றது. உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு பயின்ற மாணவர் எவருக்கும் 'குறைந்து செல்லும் மீதி' என்ற சொற்றொடர் புதிதன்று. இயந்திரத்தின் பெறுமானத் தேய்வைக் கணிப்பதற்கு அவர் அதனைக் கற்றிருக்கின்றார். அதே சொற்றொடரைத் தம் வீட்டிலுள்ள தவணைப் புத்தகத்துக்குப் பிரயோகிக்கும்படி அவரை எந்த வினாத்தாளும் கேட்டதில்லை என்பதே இக்கல்வியின்மீது வைக்கத்தக்க மிகக் கடுமையான விமர்சனமாகும்.

இதன் மறுபக்கம் இன்னும் வேதனை தருவது. சந்தைப்படுத்தலும் நிதியும் கற்று வெளியேறும் பட்டதாரிக்கு இப்பிரதேசத்தில் தொழில் தரக்கூடிய நிறுவனங்களுள் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் முக்கிய இடம் வகிக்கின்றன. இலக்கு, அறவீடு, வாடிக்கையாளர் எண்ணிக்கை என்ற சொற்களோடு அவர் கிராமத்துக்குத் திரும்பிச் செல்கின்றார். தவணைப் பணத்துக்காகக் காத்திருக்கும் உத்தியோகத்தரும் தவணையைத் தேடி அலையும் பெண்ணும் ஒரே ஊரவராக, ஏன் ஒரே குடும்பத்தவராகக்கூட இருத்தல் கூடும். அவ்விளைஞரைக் குறைகூறிப் பயனில்லை. அவரும் மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவரே. ஆயினும், நாலாண்டுக் கல்வி அவரைக் கணக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கப் பழக்கியது ஏன் என்ற கேள்வியைக் கல்வியிடம் கேட்டே ஆகவேண்டும். இரட்டைப் பதிவு முறையைக் கற்பிக்கும் துறை வரவையும் செலவையும் ஒருங்கே காட்டவேண்டாமா?

இவ்வாறு கூறுவதனால் பழையவை யாவும் நல்லவை என்று கொள்ளுதல் தவறாகும். போடியார் நிலம் வைத்திருந்த காலத்தில் முல்லைக்காரரின் மேற்பார்வையில் வயல் செய்தவர் களத்தில் பொலி தூற்றி முடிந்ததும் கடனும் விதைநெல்லும் கழித்துக் கையிற் கொண்டுபோனது எத்தனை மரைக்கால் என்று கேட்டால் பழமையின் பெருமை மங்கிவிடும். முற்பணம் கொடுத்த வியாபாரி நுண்நிதிக் கம்பனியைவிட இரக்கமுள்ளவர் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. சீட்டு நடத்துபவர் கைவிரித்தமையால் நலிந்த குடும்பங்களும் உண்டு. சட்டம் தலையிட நேர்ந்ததே அதனாற்றான். உண்மையில், மேலே காட்டிய வட்டிக் கணக்கைச் செய்ய உதவியது நவீன நிதிக் கணிதமே. போடியாரின் கணக்கையும் வியாபாரியின் முற்பணத்தையும் அதே கருவியால் அளந்துபார்த்தல் இயலும். ஆகவே குறை கருவியில் இல்லை. கருவி எத்திசை நோக்கிப் பிடிக்கப்படுகின்றது என்பதிலேயே இருக்கின்றது.

இதனோடு தொடர்புடையது மொழிப் பிரச்சினை. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவற்றை உயர்தரம்வரை தமிழிலே கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் அவற்றை ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றார். இலங்கையின் முகாமைத்துவப் பட்டப்படிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வழியிலேயே நடைபெறுகின்றன. உலகத்தோடு உறவாட ஆங்கிலம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஆங்கிலத்திற் கற்றதை ஊரவர்க்குத் தமிழிற் கூறும் ஆற்றலைப் பட்டப்படிப்பு எங்கும் பரீட்சிப்பதில்லை. இந்தியத் தமிழில் 'மேலாண்மை' எனப்படுவதை ஈழத்தவர் 'முகாமைத்துவம்' என்றனர். தமிழிற் கற்பிக்கவேண்டும் என்ற தேவை இருந்த காலத்தில் சொற்கள் ஆக்கப்பட்டன. தேவை நீங்கியபோது ஆக்கமும் தளர்ந்தது. இன்று பட்டதாரியின் தமிழில் 'லோன்', 'லீசிங்', 'டார்கெட்' என்பவையே மிஞ்சுகின்றன. கடன் உடன்படிக்கையில் தாம் எதற்குக் கையொப்பமிடுகின்றோம் என்று ஒரு பெண் கேட்கும்போது, தெளிந்த தமிழில் விடைசொல்லத் தெரியாமை வெறும் மொழிக் குறைபாடன்று. அது ஓர் அறக் குறைபாடுமாகும்.

கிழக்கிலங்கைக் காரைதீவிலே 1892இல் பிறந்து, கல்லடியிற் கல்விப் பணிபுரிந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் பயின்றவர். 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க முயற்சியை முன்னின்று நடத்தியவரும் அவரே. அறிவு எங்கிருந்து வரினும் ஏற்று, அதனைத் தமது மக்களின் மொழியில் நிறுத்துதல் வேண்டும் என்ற கொள்கை அவரது வாழ்க்கைப் பணியால் விளங்கும். விஞ்ஞானத்துக்கு அன்று வேண்டப்பட்டது வணிகவியலுக்கு இன்று வேண்டப்படுகின்றது.

இதற்குப் பாரிய மாற்றங்கள் தேவையில்லை. நிதி கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலுள்ள ஒரு சீட்டின் கணக்கையும் ஒரு தவணைக் கடனின் உண்மை வட்டியையும் கணித்துத் தமிழில் எழுதுதல், சந்தைப்படுத்தல் கற்கும் மாணவர் ஒரு மூடை நெல் அல்லது ஒரு கூடை இறால் கரையிலிருந்து நுகர்வோரைச் சேரும்வரை யார் யார் எவ்வளவு பெற்றனர் என்று பின்தொடர்ந்து எழுதுதல், ஒரே வளாகத்திலிருக்கும் கலை கலாசார பீடத்து மாணவரும் வர்த்தக முகாமைத்துவ பீடத்து மாணவரும் அவ்வெழுத்துக்களை ஒன்றாக இருந்து வாசித்தல் ஆகியவை நாளையே தொடங்கக்கூடியவை. இவற்றுக்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு உதவியோ வேண்டியதில்லை.

வணிகக் கல்வி வாவிக்கரைக்கு வந்து மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டது. இக்காலத்தில் அது பல நூறு குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தொழிலையும் சமூக மதிப்பையும் தந்திருக்கின்றது. அதனை வரவுப் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும். செலவுப் பக்கத்தில் எழுதவேண்டியது, அக்குடும்பங்களின் கடனைப் பற்றி அது பேசாதிருந்தமையாகும். வட்டி 24 என்று எழுதப்பட்டிருக்கும் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, இது 44 என்று தன் தாய்க்குத் தமிழிற் சொல்லக்கூடிய பட்டதாரி எப்போது இம்மண்ணில் வழமையாகின்றாரோ, அப்போது அக்கணக்கு சமநிலையடையும்.